வண்டியை விட்டு அகலாதவர்

என் பள்ளிக்கூட வாசலுக்கு அப்பா எத்தனையோ வருஷம் வந்திருக்கிறார். ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. சாலையோரம் ராணுவ லாரியை நிறுத்திவிட்டு, முன்கதவுக்குப் பக்கத்தில், கஞ்சி போட்ட காக்கிச் சட்டையோடு விறைப்பாக நிற்பார். என் ஆசிரியைகளில் ஒருவர்கூட அவர் முகத்தைப் பக்கத்தில் பார்த்ததில்லை. நான் பரிசு வாங்கிய நாளிலும் அப்படித்தான், காய்ச்சலில் வகுப்பிலேயே சுருண்டு விழுந்த நாளிலும் அப்படித்தான். பணியில் இருக்கிற டிரைவர் வண்டியை விட்டு அகலக் கூடாது. அது பட்டாளத்து விதி. மற்ற டிரைவர்கள் அந்த விதியைக் கொஞ்சம் வளைத்துக்கொண்டு பிழைத்தார்கள். எங்கள் அப்பா வளைக்கவில்லை. கடைசியில் இந்த ஊரில் இருக்கவே அவருக்கு வழியில்லாமல் போனதற்கு அதுதான் காரணம் என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அதில் பாதியைத்தான் நம்புகிறேன். அந்தப் பாதியே எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் சொல்வது ஐம்பதுகளின் கதை. சிங்கப்பூர் அப்போது பிரிட்டிஷ்காரர்கள் கையில் இருந்தது. அவர்களுடைய ராணுவத்தில் உள்ளூர் ஆட்களையும் சேர்த்துக்கொள்வார்கள். மலாய்க்காரர்கள், சீனர்கள், எங்களைப் போன்ற தமிழர்கள். அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மீசை முளைக்காத வயதில் தாய்மாமனோடு கப்பலேறி வந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் மாமன் சயாமுக்கு ரயில் பாதை போடப் போய்த் திரும்பவில்லை. சண்டை முடிந்ததும் அப்பா பட்டாளத்தில் சேர்ந்து லாரி ஓட்டக் கற்றுக்கொண்டார். ஒரே ஒரு முறை ஊருக்குப் போய் அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தார். அதோடு அவருக்கும் ஊருக்கும் இருந்த உறவு முடிந்தது. அங்கே அவருக்குத் தாய் தகப்பன் இல்லை, காணி இல்லை, வீடும் இல்லை.

எங்கள் முகாம் தீவின் வடக்கே, செம்பவாங் கடற்படைத் தளத்துக்குப் போகிற சாலையில் இருந்தது. குடும்பக்காரர்களுக்கு வரிசையாக வீடுகள் கட்டியிருந்தார்கள். நான் பிறந்தது ராணுவ ஆஸ்பத்திரி, படுத்தது ராணுவக் கட்டில், எழுதிப் படித்தது ராணுவ மேசை. எல்லாவற்றின் அடியிலும் ஓர் அம்பு முத்திரை குத்தியிருக்கும். அரசாங்கச் சொத்து என்று அர்த்தம். சின்ன வயதில் என் உள்ளங்காலிலும் அது இருக்கிறதா என்று தேடிப் பார்த்திருக்கிறேன்.

காலையில் பியூகிள் ஊதினால் எழுந்திருக்க வேண்டும். மாலையில் கொடி இறக்கும்போது ஊதினால் எங்கே இருக்கிறோமோ அங்கேயே நிற்க வேண்டும். துணி அலசுகிற பெண்கள் ஈரக் கையோடு எழுந்து நிற்பார்கள். அப்பா கைலியில் இருந்தால் கைலியோடு நிற்பார். வாயில் வெற்றிலை இருந்தால் மெல்லுவதை நிறுத்திவிடுவார். அம்மா ஒரு நாள், "ரசம் பொங்குதுங்க, ஒரு எட்டு போய் இறக்கிடுறேன்" என்றாள். அவர் கண்ணாலேயே அவளை நிறுத்திவிட்டார். ரசம் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. அன்றைக்கு மோர் ஊற்றிச் சாப்பிட்டோம்.

வண்டி விஷயத்தில் அவர் அவ்வளவு கண்டிப்பாக ஆனதற்கு ஒரு காரணம் இருந்தது. அவரோடு சேர்ந்து பட்டாளத்துக்கு வந்த நண்பர் ஒருவர், பக்கத்து வீட்டிலேயே குடியிருந்தார். நான் அவரைச் சித்தப்பா என்பேன். நல்ல டிரைவர், டீ மட்டும் இல்லாமல் அவரால் இருக்க முடியாது. ஒரு நாள் சிராங்கூன் சாலையில் லாரியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால், பின்னால் ஏற்றியிருந்த புது டயர்களைக் காணோம். விசாரணை வைத்தார்கள், காவல் அறையில் அடைத்தார்கள், சட்டைக் கையில் இருந்த பதவிப் பட்டையைப் பிடுங்கினார்கள், கொஞ்ச நாளில் வேலையும் போய்விட்டது. கட்டில் நாற்காலியை எல்லாம் ஒப்படைத்துவிட்டு, தகரப் பெட்டியும் கைக்குழந்தையுமாக அந்தக் குடும்பம் முகாம் வாசலில் நின்றதை அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

"ஒரு டீ. ஒரே ஒரு டீ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து ஃபிளாஸ்கில் டீ ஊற்றிக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்தார்.

என்னை சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெண்கள் பள்ளியில், ஆங்கிலப் படிப்பில் சேர்த்தார்கள். முகாம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு காலையில் ஒரு லாரி புறப்படும். உட்காரப் பலகை, தலைக்கு மேலே கித்தான். ஊரில் கலவரம் நடந்த நாட்களில் பக்கவாட்டில் கம்பி வலை அடித்திருந்தார்கள். பெரும்பாலும் அப்பாதான் ஓட்டுவார். பின்பலகையைத் திறந்து எங்களை ஒவ்வொருவராகத் தூக்கி இறக்குவார். என்னைக் கொஞ்சம் மெதுவாக இறக்குவார். மகள் என்பதற்கு அது ஒன்றுதான் சலுகை.

மற்றப் பிள்ளைகள் பஸ்ஸிலும் மூன்று சக்கர டிரைஷாவிலும் வந்தார்கள். நான் ராணுவ லாரியிலிருந்து இறங்குவதைப் பார்த்து, "உங்கப்பா யாரையாவது சுட்டிருக்காரா?" என்று கேட்பார்கள். நான் வாய்க்கு வந்ததை அளந்துவிடுவேன். அப்பா சுட்டவர்களின் தொகை வாராவாரம் கூடிக்கொண்டே போனது. அவர் வாழ்நாளில் யாரையும் சுட்டதில்லை. அரிசியும் உருளைக்கிழங்கும் தகர டப்பாக்களும் ஏற்றி இறக்கினார், அவ்வளவுதான்.

ஒரு வருஷம் எனக்குக் கட்டுரைப் பரிசு கிடைத்தது. பெற்றோரும் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். அம்மாவை அப்பாவே லாரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். மண்டபத்தில் அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. மேடையில் நின்றபோது ஜன்னல் வழியே சாலை தெரிந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் லாரியின் கதவோரம் நனைந்துகொண்டு நின்றார். உள்ளே எல்லாரும் கைதட்டியபோது அவரும் தட்டினார் என்று அம்மா பிறகு சொன்னாள். நான் பார்க்கவில்லை. அம்மா எனக்காக இட்டுக்கட்டிச் சொல்லியிருக்கலாம். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த லாரியை யாராவது திருடிக்கொண்டு போனால் நன்றாக இருக்கும் என்று மனதாரச் சபித்தேன்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போதுதான் குடியுரிமைப் பதிவு வந்தது. இந்த ஊர் சீக்கிரம் தன்னைத் தானே ஆளப்போகிறது, இங்கேயே பல வருஷமாக இருக்கிறவர்கள் பெயரைப் பதிந்து, விசுவாசப் பிரமாணம் செய்தால் குடிமக்கள் ஆகலாம் என்று ரேடியோவில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பள்ளிக்கூடங்களில் மேசை போட்டு உட்கார்ந்து பதிந்தார்கள். முகாமில் இருந்த ஆண்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. ராணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு, ராணியின் கொடிக்குக் கீழே நிற்கிறவனுக்கு இன்னும் என்ன பதிவு என்று சிரித்தார்கள்.

அப்பாவின் பிரிவில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், காத்தோங்கில் குடியிருந்தார். சீருடை போடாதவர். அவர் அப்பாவைக் கூப்பிட்டு, "நீரும் ஒருக்காப் போய்ப் பதிஞ்சு போட்டு வாரும். வெள்ளைக்காரன் இண்டைக்கு இருப்பான், நாளைக்குப் போயிடுவான். பிறகு உம்மை ஆர் கேக்கிறது?" என்று சொல்லியிருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்து, அதே குரலில் அதை நடித்துக் காட்டினார். நாங்கள் சிரித்தோம்.

"பேனா பிடிக்கிறவங்களுக்கு எப்பவுமே பயம்தான்" என்றார். பிறகு தொப்பியை எடுத்து, அதில் இருந்த கிரீட வில்லையைத் துணியால் தேய்த்துக்கொண்டே, "இது இருக்கையில எனக்கு எதுக்குக் காகிதம்?" என்றார்.

அம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது. அரசியல் ஆசை ஒன்றும் இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள், இவள் மட்டும் வீட்டில் இருப்பதா? முகாம் அதிகாரியும் நல்ல மனிதர். பெண்களை அழைத்துப் போக ஒரு லாரி கொடுத்தார். அதை ஓட்டியது அப்பா.

பதிவு ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. அப்பா பின்பலகையைத் திறந்து, முக்காலி ஒன்றைப் போட்டு, புடவை தடுக்காமல் ஒவ்வொரு பெண்ணாகப் பார்த்து இறக்கினார். நானும் ஒட்டிக்கொண்டு போயிருந்தேன். வரிசை மெதுவாக நகர்ந்தது. அம்மாவின் முறை வந்தபோது, கையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் சொன்னதைத் தப்பும் தவறுமாகத் திருப்பிச் சொன்னாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நல்லவேளையாகத் தமிழர், பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுகிற இந்த ஊர்த் தமிழர்.

"உங்க வீட்டுக்காரரு எங்கம்மா?" என்று கேட்டார்.

"வெளிய நிக்கிறாருங்க. வண்டி கிட்ட."

"கூப்பிடுங்க லா. ரெண்டு பேருக்கும் சேத்தே முடிச்சிடலாம். அப்புறம் அவரு தனியா வந்து வேற கியூவில நிக்கணும்."

அம்மா என்னை அனுப்பினாள். நான் ஓடினேன். அவர் லாரியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, உள்ள வரணுமாம். பேரு எழுதணுமாம்."

"நான் டியூட்டியில இருக்கேன்."

"சீக்கிரம் முடிஞ்சிடுமாம்ப்பா. அம்மா கூப்பிடுது."

கையைப் பிடித்து இழுத்தேன். வந்தார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, பள்ளிக்கூடக் கேட்டுவரை வந்துவிட்டார். உள்ளே போகக் காலை எடுத்து வைக்கிற இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தார். லாரி தனியாக நின்றது. எதிர்ப்பக்கத்துக் கடைவாசலில் நாலைந்து பையன்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"வண்டிய யாரு பாத்துக்குவா?" என்றார்.

என் கையை விட்டுவிட்டுத் திரும்பிப் போய்க் கதவோரம் நின்றுகொண்டார். அம்மா வாசலுக்கு வந்து கையசைத்துக் கூப்பிட்டாள். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். நடந்தது அவ்வளவுதான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திரும்புகிற வழியில் தேக்கா மார்க்கெட்டில் நிறுத்தி, பெண்கள் பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார்கள். பாட்டெல்லாம் பாடிக்கொண்டு வந்தோம்.

வேறொரு நாள் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போயிருக்கலாம். ஆனால் சீக்கிரமே அவரை மலாயாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்துகொண்டிருந்தது. சாமான் ஏற்றிப் போக டிரைவர்கள் தேவைப்பட்டார்கள். நானும் அம்மாவும் முகாமிலேயே இருந்தோம். அவர் எப்போதாவது லீவில் வருவார், கறுத்து மெலிந்து, சோற்றைக்கூட அவசர அவசரமாகச் சாப்பிடுவார். பதிவைப் பற்றி அம்மா எடுத்தால், "எல்லாம் முடிஞ்சு வந்து பாத்துக்கலாம்" என்பார். சண்டை முடிந்த பிறகும் அங்கேயே ஒரு முகாமில் வைத்துக்கொண்டார்கள். அவர் முழுசாகத் திரும்பி வருவதற்குள் நான் பாவாடை சட்டையை விட்டுத் தாவணிக்கு வந்துவிட்டேன். பதிவு மேசைகளை எல்லாம் எப்போதோ எடுத்துவிட்டார்கள்.

ஊரும் மாறிக்கொண்டே இருந்தது. மலாயாவோடு சேர்ந்தோம், பிறகு பிரிந்தோம், தனி நாடானோம். பள்ளியில் காலையில் புதுக் கொடியை ஏற்றி, புதுப் பாட்டைப் பாடினோம். மாலையில் முகாமுக்குத் திரும்பினால் பழைய கொடி இறங்குவதற்காக நின்றோம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அப்போதாவது யாருக்காவது உறைத்திருக்க வேண்டும். எனக்குப் பரீட்சைக் கவலை. அப்பாவுக்குத் தம் லாரிக்குப் புது எஞ்சின் வந்த சந்தோஷம்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். அப்பாதான் கூட வந்தார். அன்று அவருக்கு லீவு, பஸ்ஸில் வந்தோம். அவர் பாதுகாக்க வேண்டிய வண்டி எதுவும் பூமியில் இல்லை. அப்படியும் கல்லூரிக் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டார்.

"வாங்கப்பா, உள்ள பெஞ்சு போட்டிருக்கு."

"நீ போய்ட்டு வா. நான் இங்கயே நிக்கிறேன்."

கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இடம் கிடைத்தது. காலையில் ஒரு தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வேண்டும். மதியம் கல்லூரிக்குப் போய் நானே பிள்ளையாக உட்கார வேண்டும். களைத்துப் போய் வீடு திரும்புவேன். அந்த முதல் வருஷம்தான் நாங்கள் மூவரும் கவலையில்லாமல் இருந்த கடைசிக் காலம்.

அந்த வருஷத்திலேயே பிரிட்டிஷ்காரர்கள் மூட்டை கட்டப் போவதாக அறிவித்தார்கள். முகாம்களையும் கடற்படைத் தளத்தையும் ஒப்படைத்துவிட்டுப் போகப் போகிறார்களாம். யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா சொன்ன அதே வார்த்தை. அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டிருந்தார். இல்லாவிட்டால் அப்பா அவர் முகத்தில் விழித்திருக்க முடியாது.

உள்ளூர்ச் சிப்பாய்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கணக்கைத் தீர்த்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குள் ஊரில் எல்லாருக்கும் அடையாள அட்டை மாற்றிக் கொடுத்திருந்தார்கள். குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு, மற்றவர்களுக்கு நீலம். அம்மாவுடையது சிவப்பு, இங்கே பிறந்ததால் என்னுடையதும் சிவப்பு. எங்கள் வீட்டில் நீலம் ஒன்றே ஒன்று. நீல அட்டைக்காரர் ஊரில் இருக்கலாம். வேலை பார்க்க வேண்டுமானால் பெர்மிட் வேண்டும். முகாம்களிலிருந்தும் தளத்திலிருந்தும் ஆயிரம் ஆயிரமாய் ஆட்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த நேரம் அது. நீல அட்டைக்குப் பெர்மிட் வாங்கிக் கொடுக்க எந்த முதலாளிக்குத் தலையெழுத்து?

வீட்டை ஒப்படைத்த நாளில் ஒரு சார்ஜண்ட் வந்து சாமான்களைச் சரிபார்த்தார். நான் பாடம் படித்த மேசையைக் கவிழ்த்து அம்பு முத்திரையைப் பார்த்துவிட்டு நிமிர்த்தினார். கட்டில் போயிற்று, நாற்காலி போயிற்று, அலமாரி போயிற்று. எங்களுக்குச் சொந்தமாக ஒரு முக்காலிகூட இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அம்மா பாத்திரங்களைப் புடவையில் சுற்றிக் கட்டினாள். அப்பா தம் லாரியின் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார். வெறுங்கையோடு அவர் நடந்து வந்த நடையை என்னால் பார்க்க முடியவில்லை.

எங்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்தது சித்தப்பாதான், அந்த டீ குடித்த சித்தப்பா. பட்டாளம் துரத்திவிட்ட பிறகு அவர் தேக்காவில் காய்கறி ஏற்றுகிற வேலையில் சேர்ந்து, இப்போது சொந்தமாக ஒரு சின்ன லாரி வைத்திருந்தார். பதிவு நடந்த காலத்தில் அவருக்குச் சட்டையும் இல்லை, கிரீடமும் இல்லை. ஊரோடு ஊராக வரிசையில் நின்று பதிந்துவிட்டார். அதை அவர் குத்திக் காட்டியதே இல்லை. சொல்லவும் கூச்சப்பட்டார். பஃபலோ ரோட்டில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே பலகைத் தடுப்புப் போட்ட அறை. கீழே மிளகாய் மூட்டை பிரித்தால் மேலே நாங்கள் தும்முவோம். தரையில் பாய் விரித்துப் படுத்தோம்.

அப்பா வேலை தேடி ஜூரோங்குக்குப் போனார். அங்கே புதிது புதிதாகத் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் லாரி வேண்டும், டிரைவர் வேண்டும். காலையில் போவார். கேட்டில் நிற்கிற காவலாளி முதலில் அட்டையின் நிறத்தைத்தான் பார்ப்பானாம். ஒரு தொழிற்சாலையில் சேர்த்துக்கொண்டார்கள். சில மாதம் ஓட்டினார். அந்த நாட்களில் வீட்டில் பழையபடி சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு பெர்மிட்டைப் புதுப்பிக்க முடியவில்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

குடியுரிமைக்கும் விண்ணப்பித்தார். நானும் கூடப் போனேன். இந்த முறை உள்ளே வந்தார். பெஞ்சில் நுனியில் உட்கார்ந்தார். விசாரித்தவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"அங்கிள், இவ்வளவு வருஷம் மலாயாவில இருந்திருக்கீங்களே."

"காட்டுல டியூட்டிங்க. பட்டாளத்துலதான் அனுப்பினாங்க."

"புரியுது அங்கிள். ஆனா அது இப்ப வேற நாடு. அந்த இயர்ஸ் இங்க சேராது. கொஞ்சம் வெயிட் பண்ணுங்க லா."

வெளியே வந்து படியில் நின்று அப்பா என்னிடம் கேட்டார். "நான் இருந்தப்ப அது வேற நாடு இல்லையே?" எனக்கு அழுகை வந்தது. பிள்ளைகளுக்குத் தினமும் பாடம் நடத்துகிற நான், அவர் கையைப் பிடித்து பஸ் நிறுத்தத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அதன் பிறகு அவர் எங்கேயும் போகவில்லை. காலையில் குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கீழே இறங்குவார். தேக்கா மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் காய்கறி லாரிகள் வந்து நிற்கும். டிரைவர்கள் மூட்டையோடு உள்ளே போய்விடுவார்கள். அப்பா அந்த லாரிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார். யாரும் நிற்கச் சொல்லவில்லை. அவர்கள் திரும்பி வந்ததும் அடுத்த லாரிக்கு நகர்வார். கல்லூரிக்குப் போகிற பஸ்ஸிலிருந்து பலமுறை பார்த்திருக்கிறேன். முன்கதவோரம், விறைப்பாக, கை இரண்டும் பக்கவாட்டில். பார்த்ததாக நான் சொன்னதில்லை.

அம்மா ஒரு நாள் பொறுக்க முடியாமல் வெடித்தாள். எண்ணெய் தீர்ந்துபோன எரிச்சலில் ஆரம்பித்த பேச்சு அது.

"முகாமுல இருந்த அத்தனை பொம்பளைங்களையும் கொண்டுபோய் வாசல்ல இறக்குனீங்க. முக்காலி போட்டு இறக்குனீங்க. உங்க ரெண்டு காலு மட்டும் உள்ள வரலியே! பச்சப் புள்ள கையப் பிடிச்சு இழுத்துச்சே!"

அப்பா பாயில் உட்கார்ந்தபடி சுவரைப் பார்த்தார். "வந்திருக்கலாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

கும்பகோணத்தில் தூரத்து உறவுக்காரர் ஒருவர் பஸ் விட்டிருந்தார். அங்கே போனால் ஸ்டியரிங் பிடிக்கலாம் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். பயிற்சி முடிந்ததும் முழுச் சம்பளம் வரும், நான் காப்பாற்றுகிறேன் என்றேன். "உன் சம்பளத்துல உக்காந்து திங்கச் சொல்றியா?" என்று கேட்டார். அதட்டல்கூட இல்லை, மெதுவாகத்தான் கேட்டார். அம்மா தானும் வருகிறேன் என்று பிடிவாதம் பிடித்தாள்.

"நீ வராத. புள்ள படிப்ப முடிக்கட்டும். உன்கிட்ட காகிதம் இருக்கு. அத விட்டுட்டு வராத. மனுவுக்குப் பதில் வந்ததும் நான் வந்துடுவேன்."

காகிதம் எதற்கு என்று கிரீட வில்லையைத் தேய்த்த கை, இப்போது அம்மாவின் சிவப்பு அட்டையைத் துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்தது. அதைப் பார்த்தபோது எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் வடிந்துவிட்டது. வேறு யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

கப்பல் புறப்படுகிற அன்று சித்தப்பாதான் தம் லாரியில் எங்களைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார். லாரியில் வெங்காயச் சருகு ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பா முன்னால் உட்கார்ந்தார். வழியெல்லாம் அவர் கால் தானாக பிரேக்கையும் கிளட்சையும் அழுத்திக்கொண்டே வந்தது. தஞ்சோங் பகாரில் துறைமுகக் கேட்டுக்கு வெளியே நிறுத்தினோம். பயணச்சீட்டு இருக்கிறவர்தான் உள்ளே போகலாம். சாமான் தூக்க ஓர் ஆள் கூடப் போகலாம் என்றார்கள். பெட்டி கனமானது. சித்தப்பா ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

"வாங்கண்ணே, பிடிங்க. கியூ பெருசா இருக்கு லா."

அப்பா குனிந்து மறுபக்கத்தைப் பிடித்தார். நான் அவர் காலில் விழுந்து எழுந்தேன். என் தலையில் கை வைத்தார். இருவரும் கேட்டுவரை நடந்தார்கள். உள்ளே காலை வைக்கிற இடத்தில் அவர் நின்றார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி லாரியைப் பார்த்தார். கதவு திறந்து கிடந்தது, சாவி அதிலேயே தொங்கியது. வழியில் கூலிகளும் சும்மா நிற்கிறவர்களுமாக ஒரே கூட்டம்.

அவர் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். அவ்வளவு சத்தமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

"உள்ள போங்க! வண்டிய நான் பாத்துக்கறேன்!"

அப்பா அவளையே பார்த்தார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு நாங்கள் அவரைப் பார்க்கவில்லை. இங்கிருந்து பதில் வருவதற்குள், அந்த ஊரில் ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்துவிட்டார்.

அன்று சித்தப்பா திரும்பி வர வெகு நேரம் ஆயிற்று. வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. நான் நிழலுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டேன். அம்மா வரவில்லை. லாரியின் முன்கதவோரம், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கேட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தாள்.